அந்தப் பை யாருடையது?

ரயில் வர இன்னும் 40 நிமிடம் இருந்தது. காத்திருப்புக் கூடத்தில் எனக்கு எதிர் வரிசையில், ஒரு நாற்காலிக்குக் கீழே ஒரு பை. கருநீல நிறம். ஜிப் பாதி திறந்திருந்தது, உள்ளேயிருந்து ஒரு துண்டின் நுனி எட்டிப் பார்த்தது. பக்கத்தில் யாரும் இல்லை. முதல் தடவை பார்த்தபோது ஒன்றும் தோன்றவில்லை. ஐந்து நிமிடம் கழித்து மறுபடி பார்த்தேன். பத்து நிமிடம் ஆனபோது, கையிலிருந்த புத்தகத்தில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில் மனம் போட்ட கணக்கெல்லாம் நன்றாக நினைவிருக்கிறது. கழிப்பறைக்குப் போயிருப்பார். டிக்கெட் வாங்க வரிசையில் நிற்பார். கூடத்தில் முப்பது பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கு வராத பயம் எனக்கு மட்டும் எதற்கு? போய்ச் சொல்லி, அது வெறும் துணிப்பையாக இருந்தால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களே. கடைசியில் நான் செய்தது இதுதான்: எழுந்து, நான்கு வரிசை தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டேன். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

அப்போது ஒரு வயதான அம்மா உள்ளே வந்தார். அந்த நாற்காலியில் உட்காரக் குனிந்தவர் பையைப் பார்த்ததும் நிமிர்ந்து, கூடம் முழுக்கக் கேட்கும்படி, "இந்தப் பை யாருதுப்பா?" என்றார். பதில் இல்லை. இன்னொரு முறை கேட்டார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, உங்களுதா?"

"இல்லைங்கம்மா."

"யார் வச்சாங்கன்னு பார்த்தீங்களா?"

"இல்லை. நான் வந்ததிலிருந்தே இருக்கு."

"எவ்வளவு நேரமா?"

"ஒரு கால் மணி நேரம் இருக்கும்."

ஒரு நொடி என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. நேராக நடந்து போய் நிலைய ஊழியரை அழைத்து வந்தார். ஊழியர் எங்களைக் கூடத்தின் மறுகோடிக்குப் போகச் சொன்னார், ஒலிபெருக்கியில் அறிவித்தார். சில நிமிடங்களில் ஓர் இளைஞன் மூச்சிரைக்க ஓடி வந்தான். போனுக்கு சார்ஜ் போட எங்கோ போனவன் அங்கேயே தூங்கிவிட்டானாம். எல்லோரும் சிரித்தபடி அவரவர் இடத்துக்குத் திரும்பினார்கள். யாரும் அந்த அம்மாவைக் குறை சொல்லவில்லை, பைத்தியக்காரி என்று பார்க்கவில்லை. நான் கால் மணி நேரமாக எதற்குப் பயந்தேனோ, அது நடக்கவே இல்லை. ஆனால் அவர் என்னைப் பார்த்த அந்த ஒரு நொடி எனக்குள் அப்படியே தங்கிவிட்டது.

அதன் பிறகுதான் இந்த விஷயத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

1968-ல் பிப் லட்டானே, ஜான் டார்லி என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். மாணவர்களை ஓர் அறையில் உட்கார வைத்துப் படிவம் நிரப்பச் சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் சுவரிலிருந்த துவாரம் வழியாகப் புகை உள்ளே வர ஆரம்பிக்கும். தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் எழுந்து போய்ச் சொன்னார்கள். கூடவே இரண்டு பேர், முன்கூட்டியே சொல்லிவைத்தபடி, எதுவும் நடக்காததுபோல உட்கார்ந்திருந்தபோது சொன்னவர்கள் வெறும் 10 சதவீதம். மற்றவர்கள் இருமினார்கள், கண்ணைக் கசக்கினார்கள், ஜன்னலைத் திறந்தார்கள், படிவத்தைத் தொடர்ந்து நிரப்பினார்கள். பக்கத்தில் இருப்பவர் அமைதியாக இருக்கிறாரே, அப்படியென்றால் ஒன்றுமில்லை என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டார்கள். என் காத்திருப்புக் கூடத்தில் இருந்த முப்பது பேரும் அந்த அறையில்தான் இருந்தோம். நான் அவர்களைப் பார்த்து அமைதியானேன். அவர்கள் என்னைப் பார்த்து அமைதியாகியிருப்பார்கள்.

மான்செஸ்டரில் 2017 மே 22 இரவு நடந்ததைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. இசை நிகழ்ச்சி முடியும் நேரம். பிள்ளையை அழைத்துப்போக வெளிக்கூடத்தில் காத்திருந்த ஒருவர், பெரிய முதுகுப்பையோடு ஒதுக்குப்புறமாக உட்கார்ந்திருந்த ஒருவனைக் கவனித்தார். அவனிடமே போய்ப் பேச்சும் கொடுத்தார். சமாதானமாகாமல், அங்கிருந்த ஊழியர் ஒருவரிடம் சொன்னார். அந்த ஊழியரிடமிருந்து விஷயம் 18 வயதுப் பாதுகாவலர் ஒருவருக்குப் போனது. அவருக்கும் ஏதோ சரியில்லை என்று பட்டது. ஆனால் தப்பாகச் சொல்லிவிட்டால், நிறத்தைப் பார்த்துச் சந்தேகப்பட்டான் என்று பெயர் வந்துவிடுமோ என்று தயங்கினார். வயர்லெஸ்ஸில் மேலிடத்தைக் கூப்பிட முயன்றார், தொடர்பு கிடைக்கவில்லை. 10:31 மணிக்குக் குண்டு வெடித்தது. 22 பேர் இறந்தார்கள். நீதிபதி ஜான் சாண்டர்ஸ் தலைமையிலான விசாரணை இதையெல்லாம் நிமிடம் நிமிடமாகப் பதிவு செய்திருக்கிறது. தவறிய வாய்ப்புகளில் இதுவும் ஒன்று என்கிறது.

அந்த 18 வயதுப் பையனை என்னால் குற்றம் சொல்ல முடியாது. அவன் வயதில் நான் இருந்திருந்தால் நிச்சயம் அதையே செய்திருப்பேன். அவன் வயதைத் தாண்டி எவ்வளவோ வருஷம் கழித்தும் நான் அதைத்தானே செய்தேன். அவனுடைய பயம் அர்த்தமில்லாததும் இல்லை.

ஏனென்றால் மறுபக்கமும் இருக்கிறது. 2016 மே மாதம் அமெரிக்காவில் ஒரு சிறிய விமானம் புறப்படத் தயாராக இருந்தது. சுருட்டை முடி, வெளிநாட்டு உச்சரிப்பு கொண்ட ஒருவர் காகிதத்தில் எதையோ மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தார். பக்கத்து இருக்கைப் பெண் ஊழியரிடம் ஒரு சீட்டைக் கொடுத்தார். விமானம் திரும்பி வந்தது, அந்த மனிதரை இறக்கி விசாரித்தார்கள். அவர் இத்தாலியைச் சேர்ந்த பொருளாதாரப் பேராசிரியர். எழுதிக்கொண்டிருந்தது வகைக்கெழுச் சமன்பாடு. இரண்டு மணி நேரத் தாமதத்தோடு விஷயம் முடிந்தது, அவரும் அதைப் பெருந்தன்மையாக எடுத்துக்கொண்டார். 2015-ல் டெக்சஸில் அஹ்மத் முகமது என்ற 14 வயதுப் பள்ளி மாணவன் தானே இணைத்த கடிகாரத்தை ஆசிரியரிடம் காட்ட எடுத்துப் போனான். குண்டோ என்ற சந்தேகத்தில் போலீஸார் விலங்கு மாட்டி அழைத்துப் போனார்கள். கையில் விலங்கோடு நிற்கும் அந்தப் பையனின் படம் உலகம் முழுக்கப் போனது. அவன் பெயர் வேறாக இருந்திருந்தால் இது நடந்திருக்குமா என்று அப்போது பலர் கேட்டார்கள். நானும் கேட்கிறேன்.

மான்செஸ்டரையும் அந்த விமானத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று புரிகிறது. மான்செஸ்டரில் காத்திருந்தவர் பார்த்தது செயலை: வாசலை விட்டு ஒதுங்கி, கண்ணில் படாத இடத்தில், பெரிய பையோடு, நிகழ்ச்சி முடியும் நேரத்தில் ஒருவன் காத்திருக்கிறான். விமானத்துப் பெண் பார்த்தது ஆளை. அவர் எழுதியது என்ன என்றுகூட அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. ஒருவர் என்ன செய்கிறார் என்பதைச் சொன்னால் அது தகவல். எந்த நிறம், எந்த மொழி, எந்தத் தாடி என்பதில் ஆரம்பித்தால் அது தகவலே இல்லை, நம் மனதில் ஏற்கனவே இருந்ததை அவர்மேல் ஏற்றுகிறோம். அதனால் ஒரு மனிதர் அவமானப்படுகிறார் என்பது ஒன்று. இன்னொன்று, நாம் தப்பான ஆளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது சரியான ஆள் பக்கத்தில் நடந்து போய்விடுவான்.

இலங்கையில் 2019 ஈஸ்டர் ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்கு ஐந்து நாள் கழித்து, சாய்ந்தமருதில் ஒரு வாடகை வீட்டில் கூட்டாளிகள் சிலர் ஒளிந்திருந்தார்கள். புதிதாக வந்தவர்களின் போக்கு சரியில்லை என்று தகவல் கொடுத்தவர்கள் அதே ஊர் மக்கள். தமிழ் பேசும் முஸ்லிம்கள். அதற்கு முன்பே, வெறுப்பைப் பிரசங்கம் செய்துகொண்டிருந்த, பின்னால் அந்தத் தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய ஸஹ்ரானைப் பற்றி அதிகாரிகளிடம் எச்சரித்தவர்களிலும் முஸ்லிம் சமூகத்தினர் இருந்தார்கள். ஒரு சமூகத்தையே சந்தேகக் கண்ணோடு பார்க்கிறவர்கள், உண்மையான தகவல் வரக்கூடிய வாசலைத் தாங்களே அடைக்கிறார்கள்.

சரி, பைக்கு வருவோம். பிரிட்டிஷ் போக்குவரத்துப் போலீஸார் கேட்பாரற்றுக் கிடக்கும் பொருட்களைப் பார்க்க மூன்று கேள்வி வைத்திருக்கிறார்கள். ரயில் நிலையங்களில் தினமும் எத்தனையோ பைகள் மறந்து விடப்படுகின்றன. எல்லாவற்றுக்கும் நிலையத்தையே மூட முடியாதே, அதற்காக வந்தது. அது ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறதா? பார்த்தவுடனே சந்தேகப்படும்படி கம்பி, பேட்டரி, டேப், கசிவு, விநோத வாசனை ஏதாவது இருக்கிறதா? இந்த இடத்தில் வழக்கமாகக் கிடக்கக்கூடிய பொருள்தானா? என் கருநீலப் பை மூன்றிலும் தேறிவிடும்: எல்லோர் கண்ணிலும் படும்படி, துண்டு தெரிய, பயணிகள் கூடத்தில். அதே பை ஒரு தூணுக்குப் பின்னால் குப்பைத் தொட்டியோடு ஒட்டிச் செருகப்பட்டிருந்தால் கதை வேறு. இந்தக் கணக்கைப் போட்டு முடிவெடுப்பது அங்கே பயிற்சி பெற்ற ஊழியரின் வேலை. நம் வேலை அந்த அம்மா செய்தது: "யாருது?" என்று உரக்கக் கேட்பது, பதில் வராவிட்டால் ஊழியரிடம் சொல்வது. பெரும்பாலான பைகளுக்கு அந்தக் கேள்வியே போதும், சொந்தக்காரர் பதறிக்கொண்டு வந்துவிடுவார்.

தொடக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் தொடுகிறோம். 1995 மார்ச் 20 அன்று டோக்கியோ சுரங்க ரயிலில் சாரின் விஷத்தைப் பொட்டலங்களில் விட்டுப் போனார்கள். கசுமிகசேகி நிலையத்தில் பெட்டிக்குள் கசிந்து கிடந்த பொட்டலத்தை அப்புறப்படுத்திச் சுத்தம் செய்த ஊழியர்கள் இருவர் இறந்தார்கள். பயணிகளுக்கு வழி ஏற்படுத்த வேண்டுமே என்ற கடமையுணர்வில் செய்தது அது.

சந்தேகப் பொருளிலிருந்து எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதற்கும் பிரிட்டன் வழிகாட்டுதலில் கணக்கு இருக்கிறது. முதுகுப்பை அளவுள்ள பொருள் என்றால் குறைந்தது 100 மீட்டர். கார் என்றால் 200. வேன், லாரி என்றால் 400. நான் நான்கு வரிசை தள்ளி உட்கார்ந்தேன் என்றேனே, அது ஆறு மீட்டர் இருக்கும். பொருளுக்கு 15 மீட்டருக்குள் நின்று வயர்லெஸ், போன் உபயோகிக்கக் கூடாது என்றும் சொல்கிறார்கள். தள்ளிப் போய், நடுவில் ஒரு கெட்டியான கட்டடமோ சுவரோ இருக்கும்படி நின்று பேச வேண்டும். கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் நிற்பதில் பயனில்லை. அங்கே நின்று வீடியோ எடுக்கிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

போனில் என்ன சொல்வது என்பதை நான் அனுபவத்தில்தான் கற்றேன். காத்திருப்புக் கூடச் சம்பவத்துக்கு இரண்டு வருடம் கழித்து, ஒரு பெரிய கட்டடத்தின் நிலத்தடி வாகன நிறுத்தத்தில் ஒருவரைப் பார்த்தேன். கண்காணிப்புக் கேமராக்களை ஒவ்வொன்றாகப் படம் எடுத்தார். அவசர வழிக் கதவைத் திறந்து பார்த்து மூடினார். தூணிலிருந்து தூணுக்குக் காலடி வைத்து அளந்தார், குறித்துக்கொண்டார். பாதுகாவலர் சுற்றி வரும்போது ஒரு காருக்குப் பின்னால் போய்க் குனிந்துகொண்டார். அந்தக் கடைசிச் செயல்தான் என்னை உறுத்தியது. இந்த முறை அவசர எண்ணை அழைத்தேன்.

"எங்கே இருக்கீங்க?" என்று கேட்டார் அந்தப் பெண். கட்டடத்தின் பெயரைச் சொன்னேன். "எந்தத் தளம்? எந்த வாசல் பக்கம்?" எனக்குத் தெரியவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தேன், தூண்களில் எண் இருந்தது, அதுவரை அதைப் பார்த்ததே இல்லை. "என்ன பார்த்தீங்க?" என்றார். "சந்தேகப்படுற மாதிரி ஒருத்தர்" என்றேன். "சார், சந்தேகத்தை விடுங்க. அவர் என்ன செஞ்சார்? வரிசையா சொல்லுங்க."

அந்த ஒரு வாக்கியம் என் பதற்றத்தை இறக்கிவிட்டது. அவர் யார், கெட்டவரா நல்லவரா, எதற்காக வந்தார் என்பதையெல்லாம் நான் தீர்மானிக்க வேண்டியதில்லை. கண்ணால் பார்த்ததைப் பார்த்த வரிசையில் சொன்னால் போதும். என்ன செய்தார், எப்போது, எங்கே, என்ன உடுத்தியிருந்தார், கையில் என்ன, எந்தப் பக்கம் போனார், வண்டி இருந்தால் அதன் நிறமும் எண்ணும். நான் சொல்லச் சொல்ல அவர் தட்டச்சு செய்வது கேட்டது. பெயரைக் கேட்டார், விருப்பமில்லாவிட்டால் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னார். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

இடத்தைச் சரியாகச் சொல்வது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு அட்லாண்டா நினைவுக்கு வருகிறது. 1996 ஒலிம்பிக் சமயம், ஜூலை 27 அதிகாலை, குண்டு வைத்தவனே பொதுத் தொலைபேசியிலிருந்து அழைத்து, பூங்காவில் குண்டு இருக்கிறது, 30 நிமிடம் இருக்கிறது என்றான். அழைப்பை எடுத்தவர்களுக்கு அந்தப் பூங்காவின் முகவரி கணினியில் கிடைக்கவில்லை. புதிதாகக் கட்டிய பூங்கா அது. முகவரி தேடுவதிலேயே விலைமதிப்பில்லாத நிமிடங்கள் போயின. குண்டு 30 நிமிடம் ஆகும் முன்பே வெடித்தது.

ஆனால் அந்தப் பூங்காவில் ரிச்சர்ட் ஜூவல் என்ற பாதுகாவலர் இருந்தார். பெஞ்சுக்கடியில் கிடந்த பச்சை நிற ராணுவப் பையை அவர் தானாகவே கவனித்தார். யாருடையது என்று சுற்றிக் கேட்டார். யாரும் உரிமை கோராததால் போலீஸுக்குச் சொன்னார், கூட்டத்தை நகர்த்தத் தொடங்கினார். ஒரு பெண் அந்த வெடிப்பில் இறந்தார், ஓடி வந்த ஒளிப்பதிவாளர் ஒருவர் மாரடைப்பில் இறந்தார், நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். ஜூவல் இல்லாவிட்டால் எத்தனை பேரோ.

மூன்று நாளில் அவரையே சந்தேக நபர் என்று பத்திரிகைகள் எழுதின. பெயர் வாங்குவதற்காகத் தானே வைத்துத் தானே கண்டுபிடித்தான் என்றார்கள். அவர் வீட்டு வாசலில் கேமராக்கள் குவிந்தன. 88 நாள். அக்டோபர் கடைசியில்தான் அவர்மேல் சந்தேகமில்லை என்று அரசு கடிதம் கொடுத்தது. உண்மையில் குண்டு வைத்த எரிக் ருடால்ஃப் 2003-ல் பிடிபட்டான், 2005-ல் ஒப்புக்கொண்டான். ஜூவல் 2007-ல், 44 வயதில் இறந்தார். எனக்கு இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் கோபம் வருகிறது. பையைப் பார்த்தவர் பார்த்ததை மட்டும் சொன்னார். அவரைப் பார்த்தவர்கள் தீர்ப்பு எழுதினார்கள்.

2013-ல் பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பிறகு இதே வேலையை இணையம் செய்தது. கூட்டத்தின் படங்களைப் பெரிதாக்கி, வட்டம் போட்டு, பையோடு இருந்தவர்களையெல்லாம் ஆயிரக்கணக்கானவர்கள் விசாரித்தார்கள். காணாமல் போயிருந்த ஒரு மாணவரின் பெயரைக் குற்றவாளி என்று பரப்பினார்கள். மகனைத் தேடிக்கொண்டிருந்த அந்தக் குடும்பத்துக்கு வந்த அழைப்புகளையும் வசவுகளையும் நினைத்துப் பாருங்கள். சில நாளில் அவர் உடல் கிடைத்தது. அவருக்கும் குண்டுவெடிப்புக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அதனால்தான் குடும்பக் குழுவில் யாராவது "இவரை எங்கே பார்த்தாலும் உஷார்" என்று ஒரு முகத்தை அனுப்பினால் நான் அதை மேலே அனுப்புவதில்லை, அனுப்பியவரைக் கூப்பிட்டுப் பேசிவிடுகிறேன். உண்மையிலேயே சந்தேகம் இருந்தால் அந்தப் படம் போக வேண்டிய இடம் போலீஸ். நூறு பேருக்கு அனுப்பினால் குற்றவாளிக்கும் எச்சரிக்கை போய்விடும்.

பாஸ்டனை ஒட்டிய வாட்டர்டவுன் என்ற ஊரில், அதே வாரம், நாள் முழுக்க வீட்டைவிட்டு வெளியே வராதீர்கள் என்ற உத்தரவு நீங்கியதும் ஒருவர் கொல்லைப்புறம் போனார். அங்கே அவர் மூடி வைத்திருந்த படகின் உறை தளர்ந்திருந்தது. அதைத் தினமும் பார்த்துப் பழகியவர் என்பதால் அந்தச் சின்ன மாற்றம் அவர் கண்ணில் பட்டது. ஏணி வைத்து எட்டிப் பார்த்தார். ரத்தம். உடனே இறங்கி, உள்ளே போய், போலீஸை அழைத்தார். தேடப்பட்டவன் உள்ளே இருந்தான். போலீஸில் எத்தனை ஆயிரம் பேர் இருந்தாலும், அந்த உறை எப்படி இருக்கும் என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். நம் தெருவில், நம் வேலையில், எது வழக்கம் என்று நமக்குத்தான் தெரியும்.

வேலை என்று சொல்லும்போது, பையைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது இதுதான். குண்டு பைக்குள் வருவதற்கு முன் அது எங்கெங்கோ வாங்கப்படுகிறது, சேமிக்கப்படுகிறது, பழகிப் பார்க்கப்படுகிறது. ஒவ்வொரு இடத்திலும் ஒரு கடைக்காரர், ஒரு வீட்டு உரிமையாளர், ஒரு குமாஸ்தா இருக்கிறார். 2006-ல் நியூ ஜெர்சியில் ஒரு கடை ஊழியரிடம் ஒரு வீடியோவை டிவிடியாக மாற்றித் தரச் சொன்னார்கள். அதில் சிலர் துப்பாக்கிப் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். இதைச் சொன்னால் இனவெறி ஆகிவிடுமோ என்று அவரும் முதலில் தயங்கினார். பிறகு சொன்னார். அடுத்த ஆண்டு கைதுகள் நடந்தன. 2001 ஆகஸ்டில் மினசோட்டாவில் விமானப் பயிற்சி தரும் ஆசிரியர்கள், பெரிய விமானம் ஓட்டிய அனுபவமே இல்லாமல் நேராக போயிங் 747 விமான சிமுலேட்டரில் பயிற்சி கேட்டு வந்த ஸக்கரியாஸ் மௌசாவியைப் பற்றி எஃப்.பி.ஐ.க்குச் சொன்னார்கள். மறுநாளே அவர் கைதானார். அவருடைய கணினியைத் திறந்து பார்க்க அனுமதி கிடைக்கவில்லை. செப்டம்பர் 11-க்கு அப்போது நான்கு வாரம்கூட இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கும் சட்டப்படி, சில உரங்களையும் ரசாயனங்களையும் விற்பவர்கள் சந்தேகத்துக்குரிய கொள்முதல் எதையும் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். எதற்கு வாங்குகிறோம் என்று சொல்லத் தெரியாதவர், தேவைக்கு மீறி வாங்குகிறவர், ரொக்கம்தான் தருவேன் என்று பிடிவாதம் பிடிக்கிறவர். அந்தப் பொருளை வருஷக்கணக்கில் விற்றவருக்கு இது உடனே புரியும்.

சொன்னாலும் கேட்க ஆள் வேண்டுமே. ஆஸ்லோவில் 2011 ஜூலை 22 மாலை 3:25-க்கு அரசு அலுவலகப் பகுதியில் குண்டு வெடித்தது. போலீஸ் உடையில், கையில் துப்பாக்கியோடு ஒருவன் தனியாக நடந்து வந்து ஒரு சிறிய வேனில் ஏறிப் போவதை வழியில் போன ஒருவர் பார்த்தார். போலீஸ்காரர் தனியாக, இந்த நேரத்தில், இப்படிப்பட்ட வண்டியிலா? வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு, வெடித்த பத்து நிமிடத்துக்குள் போலீஸுக்கு அழைத்துச் சொன்னார். ஒரு சாதாரண மனிதர் தரக்கூடிய ஆகச் சிறந்த தகவல் அது. கேட்டவர் அதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி மேலதிகாரியின் மேசையில் வைத்தார். அந்தப் பரபரப்பில் சுமார் 20 நிமிடம் அது யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. அந்த வேன் உத்தோயா தீவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அன்று மொத்தம் 77 பேர் கொல்லப்பட்டார்கள், அதில் 69 பேர் தீவில். தகவல் தராத குடிமக்களைப் பற்றி மட்டும் பேசுகிற அதிகாரிகள் இந்தத் துண்டுக் காகிதத்தையும் பேச வேண்டும்.

எல்லாவற்றையும்விடக் கஷ்டமானது வீட்டுக்குள் வரும் சந்தேகம். அமெரிக்காவில் 17 ஆண்டுகள் தபாலில் குண்டு அனுப்பி மூன்று பேரைக் கொன்று, 23 பேரைக் காயப்படுத்தியவனை எஃப்.பி.ஐ. கண்டுபிடிக்க முடியவில்லை. 1995 செப்டம்பரில் அவனுடைய 35,000 சொல் அறிக்கையைப் பத்திரிகை வெளியிட்டது. டேவிட் கசின்ஸ்கியின் மனைவி லிண்டாதான் முதலில் கேட்டார்: இது உங்கள் அண்ணனாக இருக்குமோ? டேவிட் நம்பவில்லை. பிறகு படித்தார். அண்ணன் எழுதிய பழைய கடிதங்களில் வந்த சொற்றொடர்கள் அதில் இருந்தன. சொன்னால் அண்ணனுக்கு மரண தண்டனை கிடைக்கலாம். சொல்லாவிட்டால் இன்னொரு பார்சல் இன்னொரு வீட்டுக்குப் போகும். வழக்கறிஞர் மூலம் சொன்னார். 1996 ஏப்ரல் 3 அன்று மொன்டானாவில் ஒரு குடிசையில் அண்ணன் டெட் பிடிபட்டான். அண்ணனைக் கொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேயிருந்தார் டேவிட். ஆயுள் தண்டனையோடு முடிந்தது. கிடைத்த பத்து லட்சம் டாலர் வெகுமதியில் பெரும்பகுதியைப் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்குக் கொடுத்தார்.

நம் பிள்ளையோ தம்பியோ திடீரென்று பழைய நண்பர்களை விட்டு விலகி, ஒரு கூட்டத்தையே மனிதர்களாகப் பார்க்காத பேச்சைப் பேச ஆரம்பித்தால், கொலை செய்தவர்களைப் புகழ ஆரம்பித்தால், முதல் அழைப்பு போலீஸுக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. உட்கார்ந்து பேசலாம், அவன் மதிக்கும் ஒருவரைப் பேச வைக்கலாம். பல நாடுகளில் இப்படிப்பட்ட குடும்பங்களுக்கு ஆலோசனை தரும் அமைப்புகளே இருக்கின்றன. ஆனால் அவன் இடத்தைச் சொல்கிறான், தேதியைச் சொல்கிறான், பொருள் சேர்க்கிறான் என்றால் பேச்சுக்கான நேரம் தாண்டிவிட்டது. அவன் உயிரையும் சேர்த்துக் காப்பாற்றத்தான் அந்த அழைப்பு.

அந்த வாகன நிறுத்தத்து மனிதர் யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது. அழைத்த பத்து நிமிடத்தில் இரண்டு போலீஸ்காரர்கள் வந்ததைத் தூரத்திலிருந்து பார்த்தேன். அவரிடம் பேசினார்கள், ஒரு அட்டையை வாங்கிப் பார்த்தார்கள், மூவரும் லிஃப்ட்டில் ஏறிப் போனார்கள். கட்டட வேலைக்கு அளவெடுக்க வந்தவராக இருக்கலாம். விழுந்த பேனாவை எடுக்கக்கூடக் குனிந்திருக்கலாம். யாரும் எனக்குத் திரும்ப அழைத்து எதுவும் சொல்லவில்லை, சொல்வதும் இல்லையாம். சில நாள் அது உறுத்தியது, அப்புறம் விட்டுவிட்டேன்.

இப்போது எங்கே போனாலும் உட்காருவதற்கு முன் தூணில் எழுதியிருக்கும் எண்ணைப் பார்க்கிறேன். போன வாரம் ஒரு கூடத்தில், என் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு பழுப்புப் பெட்டி இருந்தது. எழுந்து நின்று கேட்டேன். மூன்றாவது வரிசையில் ஒரு பெண் கை தூக்கினார், "என்னுதுதாங்க, சாரி" என்றார். அவ்வளவுதான், உட்கார்ந்துகொண்டேன்.